ஒரே வரிக்காரர்

ஒரே வரிக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் பெட்டிக்கு ஒருவராவது தேறுவார். ஆயிரம் வரிப் பட்டியலை யாராவது கண்ணால் படித்தால் அவருக்கு உடம்பு கூசும். கையால் நாலு வரி அழித்தால் ‘ஐயையோ’ என்பார். மடியில் லேப்டாப்பைத் திறந்து, புள்ளி, நட்சத்திரம், அடைப்புக்குறி என்று கோலம் போடுகிற மாதிரி ஒரு வரிக் கட்டளை எழுதி, “இதுக்குப் பொருந்துறதெல்லாம் தானா போயிடும்” என்று மீசையைத் தடவுவார். மீசை இல்லாதவர் தாடையைத் தடவுவார். கிறிஸ்டோ தாடை ரகம்.

அவரிடம் மாட்டியது ஊர் சர்ச்சின் சபைக் கமிட்டித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், அகர வரிசையில். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரி, முடிவில் ஒரு கோடு. ஊரை விட்டுப் போனவர்களுக்கு முதல் வரியில் ‘வெளியூர்’ என்றிருக்கும். அவர்களை நீக்கிவிட்டுப் பத்து மணிக்குப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் திருத்தம் கிடையாது. பெயர் இல்லாதவர் வோட்டும் போட முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. நிற்கிறவர்களில் ஒருவர் கிறிஸ்டோவின் அப்பா சாம்ராஜ். செயலாளர் பதவிக்கு இது நான்காம் முறை. சுரங்கத்தில் இருபது வருஷம் அசராமல் கேஜ் லிஃப்டில் இறங்கி ஏறிய மனிதர், இந்த மூன்று தோல்விகளில்தான் ஆடிப்போயிருந்தார்.

“இன்னா கிறிஸ்டோ, முப்பது வீடுதான் எடுக்கணும். நானே ஒன்னொன்னா பாத்து எடுத்துடறேனே?” என்று போனில் கேட்டார் சபை அலுவலக ஐடா.

“கையாலயாக்கா? ஃபைல அனுப்புங்க. கோரமண்டல் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்.”

கோரமண்டல் வந்தது, போனது. பங்காருபேட்டையில் வாங்கிய டீ ஆறியது. அவர் எழுதியது ‘வெளியூர்’ என்ற வரியைப் பிடித்தது; அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக மறுத்தது. திட்டினார், திருத்தினார், போக வைத்தார். ‘வெளியூர்’ என்று தொடங்கி, நடுவில் எத்தனை வரி இருந்தாலும் சரி, கோடு வரை அழி! மாதிரிக்கு ஒரே ஒரு வெளியூர்க் குடும்பத்தை வைத்துப் பார்த்தார். கச்சிதம். முழுப் பட்டியலில் ஓட்டியபின் ஒரு தடவை திறந்து பார்த்தாரா? பார்க்கிறதாக இருந்தால் எதற்கய்யா அந்த வரி? ஒன்பதரைக்கு ஐடாவுக்கு அனுப்பிவிட்டு, ‘லிஸ்ட் நம்ம கைவேலை’ என்று அப்பாவுக்கும் ஒரு செய்தி தட்டினார்.

பத்தே காலுக்கு ஐடா கூப்பிட்டார்.

“கிறிஸ்டோ, நீ அனுப்புன லிஸ்ட்ல மொத்தமே ரெண்டு வீடுதான் கீது. ஆபிரகாம், ஆஸ்டின்.”

கிறிஸ்டோ பதறித் திறந்தார். முதல் வெளியூர்க்காரர் ஏனோக். அவர் பெயரில் தொடங்கிய அழிப்பு, அவருடைய கோட்டில் நிற்காமல், கோடு கோடாகத் தாண்டிப் பட்டியலின் கடைசிக் கோடு வரை விழுங்கியிருந்தது. போதகர் இல்லை. ஐடா இல்லை. அப்பா இல்லை. அப்பாவை எதிர்த்து நிற்கும் ஆபிரகாம் மட்டும் சௌக்கியமாக இருந்தார். அப்பாவுக்கு நான்காவது தோல்வியை நாமே தேடிக் கொடுத்துவிட்டோமே என்று கிறிஸ்டோவுக்கு அழுகை முட்டியது.

“ஒட்டிட்டீங்களாக்கா?”

“ஒட்டிட்டேன்பா. நான் பண்ணதை. நீ பங்காருபேட்டை தாண்டறதுக்குள்ளயே கையால முடிச்சிட்டேன். அப்பா பேரு கீது, பயப்படாதே.”

வேறொருவராக இருந்தால் அத்தோடு கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். கிறிஸ்டோவும் “ரொம்ப நன்றிக்கா” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈரம் காய்வதற்குள், மூன்று வருஷம் கழித்து வரப்போகும் அடுத்த தேர்தலுக்காக அந்த வரியைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார்.

தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டியல் மொத்தமாகப் போனது என்று படித்தபோது, ‘ஐயோ, பாவம் சாம்ராஜ்’ என்று தோன்றியதா, அல்லது ‘அந்த வரியில் நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் முதல் கோட்டிலேயே நின்றிருக்குமே’ என்று தோன்றியதா? இரண்டாவதென்றால், உங்கள் வீட்டுப் பட்டியலையும் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்.