நான் கன்னியர் மடத்தில் படித்ததாகக் கொம்பியூட்டர் சொன்னது

படிவம் என்று ஒன்றைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இராது. சிலருக்கு வெற்றிலை, சிலருக்குச் சினிமா, எனக்குப் படிவம். இந்தப் பலவீனத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

எல்லாம் சுனாமியென்று கடல் ஊருக்குள் வந்த பிறகு பிடித்த பழக்கம். பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தபோது பைலும் பேனாவுமாக யார் வந்தாலும் நான்தான் முன்னுக்குப் போய் நிற்பேன். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் என்று கேட்டதற்கெல்லாம் ஆறுதலாகப் பதில் சொல்வேன். ஒவ்வொரு படிவத்துக்கும் ஏதாவது வந்து சேரும். பாய் வந்தது, வாளி வந்தது, (எங்கள் வெயிலுக்கு) இரண்டு கம்பளிச் சட்டையும் வந்தது. ஒருமுறை செருப்பளவு கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்துச் செருப்பு வந்தது, இரண்டும் இடக்காலுக்கு.

"வீட்டில் இப்போது எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு மட்டும் குரல் இறங்கிவிடும். என் வீட்டுக்காரர் அன்று காலை கரைவலை இழுக்கப் போனவர். ஒரே மகன் குகன் அப்போது கட்டாரில் இருந்தான். ஆகவே ஒருவர்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூடாரம், கூடாரத்திலிருந்து பலகைக் கொட்டில், அங்கிருந்து வாவிப் பக்கம் கட்டித்தந்த கல்வீடு. தபால்காரர் என்னைத் தேடித் தேடி மெலிந்துபோனார். குகன் கட்டாரிலிருந்து எழுதிய கடிதங்கள் நான் விட்டுவந்த இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் அவன் போனில் சொன்னான்: "அம்மா, உங்களுக்கு ஈமெயில் ஒண்டு எடுப்பம். வீடு மாறினாலும் அது மாறாது."

கல்லாற்றுச் சந்தியில் ஜெனிற்றா என்ற பிள்ளை ஒரு கொமினிகேசன் வைத்திருந்தாள். போன் எடுக்கலாம், போட்டோக் கொப்பி அடிக்கலாம், இரண்டு கொம்பியூட்டரும் இருந்தன. அவள்தான் எனக்கு அந்த முகவரியை எடுத்துத் தந்தாள். பாஸ்வேர்ட் வேண்டுமாம். என் வீட்டுக்காரருடைய தோணியின் பெயரைச் சொன்னேன், செல்வராணி. "மாமி, இத ஒருத்தருக்கும் சொல்லப்படாது," என்றாள். சொல்லவில்லை. (ஆனால் எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. போகும்போதெல்லாம் வாசலிலிருந்தே "ஜெனிற்றா, செல்வராணியத் திற புள்ள" என்பேன். போனுக்குக் காத்திருந்த ஐந்தாறு பேரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.)

பிறகு, பாஸ்வேர்ட் மறந்தால் கேட்பதற்கென்று ஒரு ரகசியக் கேள்வியும் இருந்தது. "மாமி, நீங்க முதல் படிச்ச பள்ளிக்கூடம் எது?"

இங்கேதான் புத்தி கெட்டது. பக்கத்துக் கதிரையில் டவுனிலிருந்து வந்த ஒரு டீச்சர், மடிப்புக் கலையாத சேலையோடு இருந்தா. உண்மையில் நான் படித்தது ஊரில், கிடுகு வேய்ந்த சைவப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு வரை. மறுகா என்னை வட்டைக்கு, நெல் வயலில் கிளி விரட்ட, அனுப்பிவிட்டார்கள். அதை அந்தச் சேலைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "டவுன்ல, கன்னியர் மடத்தில," என்றேன். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெரிய பள்ளிக்கூடம் அது. டீச்சர் மரியாதையாகத் தலையாட்டினா. ஜெனிற்றா தட்டினாள். பொய் கொம்பியூட்டருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

யுத்தம் முடிந்த வருடம் குகன் கட்டாரை விட்டு வேறு தேசத்துக்கு வெளிக்கிட்டான். எந்த வழி, எந்தத் தேசம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "போன் நம்பர் இனி வேல செய்யாது. போய்ச் சேர்ந்ததும் ஈமெயில் போடுறன். அதப் பார்த்துக்கொண்டே இரிங்க," என்று மட்டும் சொன்னான். நான் கிழமைக்கு இரண்டு தரம் சந்திக்கு நடந்தேன். போகும்போது வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வாவி. கடலைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தேன்.

அப்படி ஒருநாள் ஈமெயில் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. குகனுடையது அல்ல. ஜெனிற்றா வாசித்துச் சொன்னாள்: கள்ளர் புகுந்து ஆயிரக்கணக்கான ஆட்களின் விபரங்களைத் திருடிவிட்டார்களாம். என் கணக்கைப் பாதுகாக்க வேண்டுமென்றால் கீழேயுள்ள படிவத்தில் பெயர், பிறந்த திகதி, பாஸ்வேர்ட் எல்லாம் நிரப்ப வேண்டுமாம். ஒரு நாளைக்குள் செய்யாவிட்டால் பெட்டியை மூடிவிடுவார்களாம்.

"மாமி, இது என்னவோ மாதிரி இரிக்கி. விடுவம்."

"மூடினா குகன் எங்க எழுதுற?"

"பாஸ்வேர்ட்டக் கேக்கிறாங்களே மாமி."

"நீ பொறந்ததுக்கு எத்தின போம் நிரப்பியிரிப்பாய்? நான் நிரப்பின போமை அடுக்கினா இந்தக் கடைக் கூரையில முட்டும். எழுது புள்ள."

எழுதினாள். நான் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கேட்காமலே செருப்பளவையும் சொல்லியிருப்பேன், அதற்கு இடம் இருக்கவில்லை.

நாலு நாள் கழித்துக் கோயில் வண்ணக்கர் என் வீட்டு வாசலில் நின்றார். எங்கள் பக்கம் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர் அவர்தான். திருவிழா அறிவித்தல் குகன் வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று அவருடைய முகவரியும் என் பெட்டியில் இருந்தது. மனிசன் என் முகத்தைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, நீங்க அனுப்பின கடிதம் கிடைச்சது."

"நான் ஒண்டும் அனுப்பல்லியே."

"உங்கட பேர்லதான் வந்திரிக்கி. ஆம்பிளையளுக்குத் தெம்பு வாற மாத்திரையாம். படமும் கிடக்கு." முருங்கைக்காயை எண்ணுகிறவர் போல நின்றார். "எனக்கு அப்படி ஒரு குறையும் இல்ல அக்கா. அதச் சொல்லிற்றுப் போகத்தான் வந்தன்."

வேகமாகச் சந்திக்குப் போனேன். செல்வராணி திறக்கவில்லை. ஜெனிற்றா மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "பாஸ்வேர்ட்டை மாத்திப்போட்டான் மாமி."

அன்றைக்குத்தான் விளங்கியது. வாளி கொடுக்க வருகிறவனும் வீட்டை எடுக்க வருகிறவனும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். சண்டைக் காலத்தில் துவக்கோடு வந்தவர்களும் இதே பைலோடுதான் வந்தார்கள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வண்ணக்கரிடம் பட்ட வெட்கம் இரண்டு நாளில் போய்விட்டது. குகன் எழுதியிருப்பானோ என்ற எண்ணம் போகவில்லை. மூன்று கிழமை சோறு இறங்கவில்லை. அவன் எந்தக் கரையில் ஏறி, எந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து என் பதிலைப் பார்க்கிறானோ என்று வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனிசனைக் கடல் கொண்டுபோனது, நான் என்ன செய்ய? மகனுடைய வழியை நானே வாய் திறந்து கொடுத்திருந்தேன்.

பிறகு ஜெனிற்றா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். யாரிடமோ விசாரித்து வழி பிடித்திருந்தாள். "கள்ளன் ரகசியக் கேள்விய மாத்தாம விட்டிரிக்கான். பதில் சொன்னாத் திறக்கும். மூணு தரம் பிழைச்சா மறுகா ஏலாது."

கடையில் ஒரேயொரு ஆள்தான் இருந்தா. கோமளம். என்னோடு ஒரே பாயில் இருந்து அந்த மூன்று வகுப்பும் படித்தவ.

"முதல் படிச்ச பள்ளிக்கூடம்?" என்றாள் ஜெனிற்றா.

கோமளம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தா. நான் உண்மையைச் சொன்னேன்: "நம்மட ஊர்ச் சைவப் பள்ளிக்கூடம்."

"பிழையாம் மாமி."

"எப்பிடிப் பிழைக்கும்?" என்று கோமளம் எழும்பி வந்தா. "நானே சாட்சி. இன்னொருக்காப் போடு புள்ள."

போட்டாள். அதுவும் பிழை. இனி ஒரே ஒரு தரம்தான்.

"கோமளம், உங்கட வீட்டுப் பக்கம் சோறு கருகிற மணம் வருகுதுகா," என்றேன்.

"நான் இண்டைக்கு விரதம். உலை வைக்கல்ல."

வேறு வழியில்லை. ஜெனிற்றாவின் காதுக்குள் சொன்னேன். அவள் திரும்பி, சந்திக்கே கேட்கும்படி, "கன்னியர் மடமா?" என்றாள்.

கோமளம் என்னைப் பார்த்தா. கொம்பியூட்டரைப் பார்த்தா. பெட்டி திறந்துகொண்டது.

"ஆத்தே, இவ எப்பகா கன்னியர் மடத்தில படிச்ச? நாங்க கிளி விரட்டின நேரமா?" என்று தொடங்கியவ, ஜெனிற்றா வாசிக்கத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டா.

மாத்திரைக் குப்பைகளுக்கு நடுவில் குகனுடைய நாலு கடிதங்கள் இருந்தன. முதலாவதில் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தான். கடைசியில் ஒரே வரி: "அம்மா, இந்த வீட்டையும் விட்டுப் போயிற்றீங்களா?"

பதில் சொல்லச் சொன்னாள் ஜெனிற்றா. நான் அந்த ஒரு வரியையே இன்னொருக்கா வாசிக்கச் சொன்னேன். கோமளம்தான் சொன்னா: "இஞ்சதான் இரிக்கா எண்டு எழுது. ஒரு இடமும் போகல்ல எண்டு எழுது."

அன்றைக்கு ஜெனிற்றா ஏதோ ஒன்றை வைத்தாள், அடுத்த கிழமை எனக்கே எனக்கென்று புதுப் பாஸ்வேர்ட் வைத்தேன். ஜெனிற்றாவிடம் அதற்கு வேண்டிய இங்கிலீசு எழுத்துக்களை மட்டும் ஒரு கிழமையாகப் படித்து, அவளையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் நானே தட்டினேன். அந்த ஒரு சொல் மட்டும் எனக்கு இங்கிலீசில் எழுத வரும். ஊரில் என்னை இன்றைக்கும் கோமளம் "மதர்" என்றுதான் கூப்பிடுகிறா. வண்ணக்கர் என்னைக் கண்டால் இன்றைக்கும் முருங்கை மரத்தைத் தேடுகிறார்.

குகனுக்கு இப்போது அங்கே வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கேட்கும், "அப்பம்மா, உங்கட பாஸ்வேர்ட் என்ன?" அவனும் பின்னாலிருந்து கேட்பான்: "எனக்காவது சொல்லுங்க அம்மா."

"போன்ல சொல்லப்படாது மகன்," என்பேன். "நேர வா. காதுக்குள்ள சொல்றன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒவ்வொரு வருசமும், வாற வருசம் வாறன் என்பான்.

அந்தச் சொல்லை நான் இன்னும் மாற்றவில்லை.