எர்த் பிடித்த புனித மண்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பழைய கார்கள் கூடும் மைதானம். அன்று கார்களைவிட நீளமாக நின்றது மனித வரிசை. வரிசையைக் கண்டால் எதற்கென்று கேட்காமல் போய் ஒட்டிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். முனையில் பட்டுச் சால்வையோடு வீற்றிருந்தார் மகான் கிளெமென்ட் ஃபாஸ்டைக்.

கிழட்டுக் கார்களில் விளக்கு எரியாது, ஹாரன் அலறாது. எந்த மெக்கானிக்கும் "எர்த் சரியில்லை" என்பான். எர்த் என்றால் அவர்கள் மொழியில் மண்ணும்தான். மகான் அதைப் பிடித்துக்கொண்டார். ஆதிகாலத்துக் கல்வட்டத்தடியில் எடுத்த புனித மண், பை நாற்பது பவுண்டு!

பார்னபி ஹேவர்ஸுக்கு மறுநாள் மகள் ஹெட்டியின் கல்யாணம். தன் 1934ஆம் வருடக் காரில்தான் மணப்பெண்ணைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதுவோ குழி கண்ட இடத்தில் செத்துப்போகிறது. அவரும் வரிசையில் நின்று ஒரு பை வாங்கினார். இத்தனைக்கும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

மகான் அவர் காரின் பானெட்டுக்குள் பையைக் கட்டி, சால்வையைப் போர்த்தி, இரு கைகளையும் உள்ளே விட்டு முணுமுணுத்தார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பார்னபிக்குக் கண் கலங்கிவிட்டது.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஹெட்டி, மகானின் கட்டைவிரலில் இருந்த துருவைப் பார்த்தாள்.

"உள்ள டிங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, ஐயா?"

"அது பூமித்தாயோட குரல்மா."

"பூமித்தாய் ஸ்பேனர் வெச்சிருக்காங்களா?"

சால்வையை இழுத்தாள். ஸ்பேனர் புல்லில் விழுந்தது. அதை எடுத்து, எர்த் கம்பியைப் பிடித்திருந்த நட்டைத் தளர்த்தினாள். விளக்கு அணைந்தது. மண் பை அங்கேயேதான் தொங்கியது.

"இப்ப கையைக் கட்டிக்கிட்டு மந்திரம் சொல்லுங்க."

சொன்னார். அவரே இன்னும் மூன்று பை கட்டிவிட்டார். எரியவில்லை.

"சந்தேகப்படுறவங்க நின்னா மண்ணு வேலை செய்யாது."

ஹெட்டி பைகளை வீசிவிட்டு, துருவைச் சுரண்டி, நட்டை இறுக்கினாள். சந்தேகப்படுகிறவள் முன்னாலேயே விளக்கு எரிந்தது.

"இந்தாளு துரு மேலேயே ஒப்புக்கு இறுக்கியிருக்காருப்பா. நாளைக்குப் பாதி வழியில கழண்டிருக்கும். நான் கவுனைத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பேன்."

பார்னபி தலை குனிந்தார். மகான் சால்வையைச் சுருட்டிக்கொண்டு நழுவினார். வரிசை மட்டும் கலையவில்லை.

"அப்ப மண்ணு தீந்துபோச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

காரில் நட்டு கழன்றால் விளக்கு அணைந்து காட்டிக்கொடுக்கிறது. தலையில் கழன்றால் எதுவும் அணையாது. அவரவர் தலையை அவரவரே தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.