ரோஸ்லின் புருஷன்

வடசென்னையின் மீன் வாடையை ஒழித்துக்கட்டுவது என்று நானும் தௌசீஃபும் ஒருநாள் டீக்கடையில் முடிவு செய்தோம்.

வாடை என்றால் காசிமேட்டு மீன்துறைமுக வாடை இல்லை. அதை ஒழித்தால் காசிமேடே காணாமல் போய்விடும். நாங்கள் குறிவைத்தது, மீன் கழுவின கையில் ஒட்டிக்கொண்டு, சோப்புக்கும் அடங்காமல், மறுநாள் காலை காபி டம்ளர் வரைக்கும் கூடவே வருமே, அந்த வாடை.

தௌசீஃப் எங்கள் கீழ்வீட்டுக்காரன். ராயபுரத்தில் மாடியில் நான், கீழே அவன். விம்கோ நகரில் ஒரு சோப்புத்தூள் கம்பெனியில் வேலை. நான் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு கிளார்க். அவனுக்குத் தூள் தெரியும், எனக்குப் பெட்டி தெரியும். தொழில் தொடங்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

எலுமிச்சைத் தோல், சோடா உப்பு, அவன் யாரிடமும் சொல்லாத இன்னொரு சரக்கு. மூன்றையும் கலந்து பாக்கெட் போட்டோம். 'வாடைபோடா' என்று பேர் வைத்தது நான். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கீழே வைக்க அவன் மனைவி விடவில்லை. அதனால் எங்கள் கட்டில்மேல் வைத்தோம்.

பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்த என் மனைவி அடைக்கலமேரி, கட்டிலைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பாக்கெட்டை எடுத்துப் படித்தாள்.

"யாரப் பாத்து போடாங்குற?"

"வாடையப் பாத்து மேரி."

"பொம்பளைங்க வாங்குற பொடிக்கு போடான்னா பேரு?"

"பொடின்னு வெச்சா 'போடி'ன்னு படிச்சிருவாங்க. சண்டை வந்துரும்."

"இப்பவே வந்துகினு கீது. மாதவரத்துலேர்ந்து என் தங்கச்சி குடும்பத்தோட வரா. அதுக்குள்ள கட்டில்மேல ஒரு பெட்டி இருக்கக்கூடாது. இருந்துச்சு, நீ இருக்க மாட்ட."

அடைக்கலம் என்பது ஊருக்கு. மேரி மட்டும்தான் எனக்கு.

கடை கடையாக ஏறி இறங்கினோம். "வெச்சிட்டுப் போங்க" என்றார்கள். வைத்தது வைத்தபடியே இருந்தது. அப்போதுதான் தௌசீஃப் தலையில் அந்தப் பல்ப் எரிந்தது.

அவன் மனைவி நவ்ரீன் ஃபேஸ்புக்கில் ஒரு குழு நடத்துகிறாள். 'வடசென்னை சமையக்கட்டு'. பெண்கள் மட்டும். வஞ்சிரத்திலிருந்து மாமியார் வரைக்கும் அங்கே எல்லாவற்றையும் வறுப்பார்கள். ஆயிரக்கணக்கான பேர். அத்தனை பேர் கையிலும் மீன் வாடை.

"நவ்ரீன்கிட்ட சொல்லி ஒரு விளம்பரம் போடச் சொல்லேன் பாய்," என்றேன்.

"அவளா? மொதல்ல உன் கைல போட்டு காட்டுன்னுவா. அதெல்லாம் வேணாம் மாமு. விளம்பரம்னு தெரிஞ்சா தூக்கிப்புடுவாங்க. நாம கேள்வி கேக்கணும். நாமளே பதிலும் சொல்லணும். பொம்பள பேர்ல."

அன்றைக்கே இரண்டு பெண்களைப் பெற்றெடுத்தேன். ஒருத்தி ரோஸ்லின், படத்துக்கு ஒரு ரோஜா. இன்னொருத்தி டெய்சி, படத்துக்கு ஒரு செவ்வந்தி. டெய்சிப் பூ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ரோஸ்லின் கேட்பாள், டெய்சி பதில் சொல்வாள், ஊர் வாங்கும். இதுதான் திட்டம்.

வெறும் எழுத்தாகப் போட்டால் யாரும் நிற்கமாட்டார்கள் என்று, எங்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சங்கரா குழம்பை ஒரு படம் பிடித்துச் சேர்த்தேன். பிறகு ரோஸ்லினாக மாறி எழுதினேன்.

"அக்காமாரே, மீன் கழுவுன கைல வாடை போவே மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு பக்கத்துலயே குந்த மாட்டேங்குறாரு. உன் கையால காபிகூட வேணாம்னுட்டாரு. ஒரு வழி சொல்லுங்க."

அந்தக் காபி வரியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கை தட்டிக்கொண்டேன். அந்த வரிதான் என்னைக் கவிழ்த்தது.

உடனே டெய்சி ஓடிவந்து, "நான் வாடைபோடா போட்டுத்தான் கழுவுறேன். சூப்பர்" என்றாள். அவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ரோஸ்லின் புருஷன் மேல் பாய்ந்தார்கள்.

"மீன் துன்றப்போ வாடை அடிக்கலயாமா அந்தாளுக்கு?"

"காபிய அவனையே போட்டுக்கச் சொல்லு. அப்பால பாத்திரத்தையும் கயுவச் சொல்லு."

"டெய்சி அக்கா, கைய கயுவ பொடி கீதுன்றீங்க. அந்தாளு புத்திய கயுவ எதுனா கீதா?"

அன்று மாலை நான் யார்டிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேரி போனை நீட்டினாள்.

"பாத்தியாயா இந்த அநியாயத்த? ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. அவ புருஷன் இன்னா பண்ணிகீறான் பாரு."

"ஐயோ பாவம்," என்றேன்.

"யாரு பாவம்?"

"ரோஸ்லின்தான்."

"அவன் மனுசனா? நீயே சொல்லு."

"இல்ல."

"அப்போ இன்னா?"

"மிருகம்."

"சத்தமா சொல்லு. கீய்வூட்டுக்குக் கேக்கணும்."

"மிருகம்!" என்று கத்தினேன். கீழே யாரோ சிரிப்பது கேட்டது. தௌசீஃப் என்று நினைத்தேன்.

மறுநாள் நிலைமையைச் சரிக்கட்ட டெய்சியை மறுபடி அனுப்பினேன். "அந்த மனுசனும் நல்லவராதான் இருப்பாரு. வாடைதான் குத்தவாளி. ஒரு பாக்கெட் வாங்கிப் பாருங்க," என்று பொறுமையாக எழுதினாள். பிறகு ஒருத்தி கேட்டாள்:

"டெய்சிக்கும் ரோஸ்லின் புருஷனுக்கும் இன்னா பயக்கம்?"

அவ்வளவுதான். நான் உண்டாக்கிய புருஷனுக்கும் நான் உண்டாக்கிய டெய்சிக்கும் கள்ளத்தொடர்பு என்று ஊரே பேசியது. டெய்சிக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது. கூச்சம் தாங்காமல் அவள் கணக்கையே அழித்துவிட்டேன். "பாத்தீங்களா, மாட்டிக்கினதும் ஓடிட்டா!" என்று அதற்கும் எழுதினார்கள்.

அடுத்ததாக நவ்ரீன், குழுத் தலைவி என்ற முறையில், ஓர் அறிவிப்புப் போட்டாள். ரோஸ்லின் புருஷன் தன் கையால் மீன் கழுவி, அதைக் குழுவில் காட்டி, மன்னிப்புக் கேட்கிறவரை எந்த வீட்டிலும் மீன் கிடையாது. கீழே 'ஆதரவு', 'ஆதரவு' என்று வரிசையாக விழுந்தது. மேரியும் 'ஆதரவு' என்று போட்டிருந்தாள்.

அன்று ராத்திரி தட்டில் புடலங்காய். மறுநாள் சுரைக்காய். அதற்கு மறுநாள், முந்தின நாள் சுரைக்காய்.

"மேரி, எவனோ பண்ண தப்புக்கு நான் இன்னா பண்ணேன்?"

"ஆம்பளைங்க எல்லாம் ஒண்ணுதான். துன்னு."

"ஒரு நெத்திலி? வாசனைக்கு?"

"ரோஸ்லினுக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?"

ரோஸ்லினைப் பெற்றவன் நான். எனக்கே அவள் பேரைச் சொல்லி நெத்திலி மறுக்கப்பட்டது.

தௌசீஃபைக் கேட்டேன். "எங்க வூட்லயும் அதான் மாமு. ஒரே பேஜாரு," என்று பெருமூச்சு விட்டான். ஆனால் ஆள் வாடவில்லை. கீழே படி இறங்கும்போது மீன் வறுக்கிற வாசனை வந்தது. பசியில் மூக்கு பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தாங்க முடியவில்லை. வேலை முடிந்து நேராகக் காசிமேட்டுப் பக்கம் தள்ளுவண்டிக் கடைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு வறுத்த வவ்வால் மீன் சாப்பிட்டேன். பிறகு பையிலிருந்து எங்கள் சொந்தத் தயாரிப்பை எடுத்து, ஒரு பாக்கெட்டையும் கொட்டிக் கை தேய்த்தேன். அதை நான் பயன்படுத்துவது அதுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் மேரி.

"கையக் காட்டு."

காட்டினேன். மோந்தாள்.

"சுறா புட்டா, வவ்வாலா?"

"வவ்வால். எப்டித் தெரிஞ்சிது?"

"எலுமிச்சம்பயம் புழிஞ்ச வவ்வால் மாதிரி அடிக்குது."

நானும் மோந்து பார்த்தேன். உண்மைதான். வாடை போகவில்லை. முன்பு வெறும் வாடை, இப்போது மசாலா தடவிய வாடை. கட்டில்மேல் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த பெட்டிகளை நினைத்தேன்.

அன்றைக்குச் சோறே கிடையாது.

இனி ஒரே வழி. ரோஸ்லின் புருஷனை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு, அந்தக் குடும்பத்தையே குழுவைவிட்டுக் கிளப்பிவிடுவது. "எங்க வூட்டுக்காரரு திருந்திட்டாரு" என்று ரோஸ்லின் எழுதினாள். "வீடியோ?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். கையை மட்டும் காட்டினால் போதுமா என்று ரோஸ்லின் பணிவாகக் கேட்டாள். போதும் என்று நவ்ரீன் பெரிய மனது பண்ணினாள்.

புதன்கிழமை மேரி மாதா கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போன நேரம். நான் வாங்கி வந்த மீன் கவலை. மீனுக்குப் பேரே கவலை. அதுவும் ஒரு பை நிறைய. தௌசீஃப் என் போனைப் பிடித்தான். நான் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செதில் உரசினேன். செதில் மீனில் இருந்ததைவிட என் மூஞ்சியில் அதிகம் இருந்தது. விரலில் இரண்டு இடத்தில் கீறல்.

"கைதானே தெரியுது பாய்?"

"கைதான் மாமு. சூப்பரா கீது. மன்னிப்புக் கேளு."

குரலைக் கட்டையாக்கிக்கொண்டு சொன்னேன். "ரோஸ்லின், என்னை மன்னிச்சிரு. இனிமே நீ குடுக்குற காபிய..."

"செவுள எடுக்கல பாரு," என்றது பின்னால் ஒரு குரல்.

"சரி மேரி," என்றேன்.

சொன்ன பிறகுதான் திரும்பினேன். வாசற்படியில் மேரி. அவள் தோளுக்குப் பின்னால் நவ்ரீன், வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு. தௌசீஃபைப் பார்த்தேன். கேமரா என் கையைப் பார்க்கவில்லை, மூஞ்சியைப் பார்த்தது. அது பதிவும் இல்லை, நேரலை. திரையில் இதயம் இதயமாகப் பறந்துகொண்டிருந்தது.

"பாய், நீயுமா?"

"எனக்கும் வூடு கீது இல்ல மாமு," என்றான் அந்தத் துரோகி.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று மேரியைக் கேட்டேன்.

"மொத நாள்லேர்ந்து. என் சட்டியில கொதிக்கிற கொயம்ப ரோஸ்லின் எப்டியா படம் புடிப்பா? நெளிஞ்ச கரண்டிகூட நம்முது."

"அப்போ ஊரு பூரா மீன் ஸ்டிரைக்கு?"

நவ்ரீன் துப்பட்டாவை எடுத்தாள். "இன்னாண்ணே நீங்க. ஃபேஸ்புக்ல ஆதரவுன்னு போட்டா வூட்ல அடுப்ப அணைச்சிருவாங்களா? உங்க வூட்ல மட்டும்தான்."

"நீ இன்னா துன்ன மேரி இத்தினி நாளா?"

"மத்தியானம் நவ்ரீன் வூட்ல. நேத்து எறா."

தௌசீஃப் சுவரில் எதையோ ஆராய்ந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று கத்தியை வைத்தேன். அதற்குள் மேரியின் முகம் மாறிவிட்டது. சிரிப்பு இல்லை.

"உன் பொடிய விக்கறதுக்கு, என் கொயம்பு படத்த போட்டு, இந்தக் கைல வாடைன்னு ஊருக்கே எழுதுவியா? இத்தினி வருசமா அந்தக் கையாலதான துன்ற?"

மறுபடி கத்தியைப் பிடித்துச் செவுளை எடுத்தேன்.

அன்று இரவே மேரியும் நவ்ரீனும் எங்கள் பெட்டியைப் பிரித்து, பாத்ரூமில் ஒரு பாக்கெட் கொட்டித் தேய்த்திருக்கிறார்கள். அது கட்டின நாளிலிருந்து பழுப்பாக இருந்த டைல்ஸ். வெள்ளை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் மேரி தன் சொந்தப் பேரில், தன் சொந்த முகத்தைப் போட்டுக் குழுவில் எழுதினாள்:

"இது எங்க வூட்டுக்காரரும் நவ்ரீன் வூட்டுக்காரரும் செஞ்ச பொடி. கைக்கு ஆவாது. டைல்ஸுக்கு செமையா கீது. படம் பாருங்க. வேணும்னா சொல்லுங்க."

"விளம்பரம் கூடாதுன்னு ரூல்ஸ் இல்லையா?" என்று நவ்ரீனைக் கேட்டேன்.

"யாரு சொன்னா? பொய் பேர்ல கூடாதுன்னுதான் ரூல்ஸ். மேலயே எழுதியிருக்கு. படிக்கலயா அண்ணே?"

உண்மையைச் சொல்லியும் விற்கலாம் என்ற யோசனை எனக்கோ தௌசீஃபுக்கோ ஒரு நிமிஷம்கூட வரவில்லை. மாதவரத்துத் தங்கச்சி வருவதற்குள் கட்டில் காலி. 'வாடைபோடா'வின்மேல் 'டைல்ஸ் பொடி' என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தது மட்டும்தான் என் பங்கு.

சரி, அத்தோடு விட்டது என்று நினைத்தேன். அந்த நேரலையை ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள் என்பது உறைக்கவில்லை. பொடியைவிட அதைத்தான் அதிகம் விசாரித்தார்களாம். மேரி என்ன பதில் எழுதினாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். வெளியே முன்பின் பார்த்திராத ஓர் அம்மா. கையில் தண்ணீர் சொட்டும் பை. அவருக்குப் பின்னால் படி வரைக்கும் இன்னும் சில பைகள்.

"மீன் கயுவிக் குடுக்குற அண்ணன் வூடு இதானே? கீறாரா?"

"ஊர்ல இல்லீங்க," என்றேன்.

உள்ளேயிருந்து மேரியின் குரல் வந்தது.

"அவரேதாம்மா அது. பைய குடுத்துட்டுப் போ."