ஆறு மூலிகையும் அப்பாவின் சட்டையும்

அவரவர் வீட்டு வாசம் அவரவர் மூக்குக்குத் தெரியாது. இது எந்த விஞ்ஞானப் புத்தகத்திலும் இல்லை. கெம்பஸில் கடைசி வருடம் படிக்கும்போது ஆறு மூலிகைகளையும் ஒரு சட்டையையும் வைத்து நானே கண்டுபிடித்தது. என் ஆயுளில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பும் இதுதான்.

எங்கள் வீடு தெரணியகலைக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பாவுக்குப் புகை அறையில் வேலை. ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக உருட்டியதும், அதைக் கம்புகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்து நாள்கணக்கில் புகை காட்டுவார்கள். இல்லாவிட்டால் ஷீட்டில் பூசணம் பிடித்துவிடும். (புகை காட்டினால் ஏன் பூசணம் பிடிப்பதில்லை என்று ஒரு தடவையாவது யோசித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பயோலொஜி படிச்ச புள்ளைக்கு அது தோணல.)

சாயங்காலம் அப்பா வரும்போது அந்தப் புகை வாசமும் கூடவே வீட்டுக்குள் வரும். தலையணையில் இருக்கும், சோற்றில் இருக்கும், என் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் இருக்கும். அதை நான் வாசம் என்றே நினைத்ததில்லை. காற்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஹொஸ்டலுக்குப் போன முதல் நாள் நான் பெட்டியைத் திறந்ததும், பக்கத்துக் கட்டில்காரி, என் வகுப்புக்காரிதான், "எங்கேயோ பத்தி எரியுது" என்று வெளியே ஓடினாள். அவளுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம் போல என்று விட்டுவிட்டேன்.

கடைசி வருட ஆராய்ச்சிக்கு எங்கள் மேடம் கொடுத்த வேலை, ஊரில் மருந்தாகப் பாவிக்கிற செடிகளைப் பரிசோதிப்பது. இலையைக் காயவைத்து, தூளாக்கி, மதுசாரத்தில் ஊறப்போட்டுச் சாறு எடுக்க வேண்டும். அந்தச் சாற்றைப் பற்றீரியா வளர்கிற தட்டில் வைத்தால், சரக்குள்ள இலையாக இருந்தால் அதைச் சுற்றிலும் பற்றீரியா செத்து வெறும் வட்டம் விழும். வட்டம் நன்றாக விழுந்த இலைகளைக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, புற்றுநோய்க் கலங்களையும் அது கொல்லுமா என்று பார்ப்பதாக ஏற்பாடு. யாருடைய இலை கொழும்புக்குப் போகிறதோ அவர்களுக்கே மேடத்திடம் மேற்படிப்புக்கு இடம். எங்கள் தோட்டத்து டிவிசனிலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். அந்த இடம் எனக்குத்தான் என்று மனதுக்குள் எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டேன்.

லீவில் வீட்டுக்குப் போய் ஆடாதோடை, கீழாநெல்லி, குப்பைமேனி, தூதுவளை, துளசி, வல்லாரை என்று ஆறையும் பறித்தேன். அம்மா கூடவே வந்து "இதுக்கா கெம்பஸ் போன? எங்கிட்ட கேட்டிருந்தா வேலியிலயே காட்டியிருப்பேனே" என்று சொல்லிக்கொண்டே பறித்துத் தந்தார். அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. (எங்க ஊர்ல மழை விருந்தாளி இல்லீங்க, குடியிருக்கிற ஆளு.) லீவு முடிந்தது. இலையோ ஈரமாகவே கிடந்தது.

"அப்பா, இத நெழல்ல காயவெச்சு அனுப்புங்க. வெயில் மட்டும் படவே கூடாது" என்றேன்.

"படாது பாப்பா. நீ நிம்மதியா போ. நா பாத்துக்கிறேன்" என்றார் அப்பா.

அவர் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பஸ் கண்டக்டர் கையில் பார்சல் வந்தது. ஆறு கட்டு, ஒவ்வொன்றும் வாழைநாரில் கட்டி, அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று. முகர்ந்து பார்த்தேன். வீட்டு ஞாபகம் வந்து கண் கலங்கியது. அதோடு நிறுத்தாமல் என்ன வாசம் இது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

சாறு எடுத்து, தட்டில் வைத்து, அடுத்த நாள் காலை திறந்து பார்த்தால் ஆறுக்கும் வட்டம். சும்மா இல்லை, நிலாப் போல வட்டம். ஆறும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆறு வெவ்வேறு செடி எப்படி ஒரே அளவாகக் கொல்லும் என்று புத்தியுள்ளவள் சந்தேகப்பட்டிருப்பாள். எங்க தோட்டத்து மண்ணு அப்படி என்று நான் பெருமைப்பட்டேன். உடனே வீட்டுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். நான் சொன்னதில் "ஒருவேளை", "இனிமேல்தான் பார்க்கணும்" என்பதெல்லாம் மலைப்பாதையில் எங்கேயோ விழுந்துவிட, கேன்சர் என்ற ஒரு சொல் மட்டும் பத்திரமாகத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில் அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "எம் மக கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டா. நம்ம குப்பைமேனியிலதான்." அந்த வாரத்தோடு எங்கள் வேலியில் குப்பைமேனி ஒரு செடிகூட இல்லை என்று அம்மா சொன்னார்.

மேடத்துக்கும் சந்தோஷம்தான். ஆனால் கொழும்புக்கு அனுப்பும் முன்னால் புது இலையில் ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும் என்றார். இந்தத் தடவை பார்சல் இல்லை. அப்பாவே கொண்டுவருகிறேன் என்று நின்றார். மகள் மருந்து கண்டுபிடித்த இடத்தை அவருக்கும் பார்க்க வேண்டும்.

வந்தார். தலையில் எண்ணெய், தோளில் பை, கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை. (வெள்ளைன்னு நாங்க சொல்லுவோம். பாத்தவங்க தேன் கலர்னுதான் சொல்லுவாங்க.) அவர் ஆய்வுகூடத்துக்குள் காலை வைத்ததும் மேடம் தலையைத் தூக்கி மூக்கைச் சுளித்தார். ஏதோ சூடேறுகிறது என்று நினைத்து ஒவ்வொரு மெஷினாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவிடமே வந்து நின்று, பையை வாங்கி முகர்ந்தார்.

"ஐயா, இந்த இலையை எங்கே காயவைத்தீர்கள்?" சிங்களத்தில்தான் கேட்டார். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. நிமிர்ந்து நின்று சொன்னார்.

"நிழலில்தான் மேடம். புள்ள கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெளியே ஒரே மழை. எங்கள் புகை அறை மாதிரி நிழல் உலகத்தில் எங்கேயும் கிடையாது. உள்ளே போனால் என் கையே எனக்குத் தெரியாது. ரப்பர் ஷீட்டுக்கு நடுவில் நல்ல இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டேன். ஒரு இலையில் பூசணம் இருக்கிறதா பாருங்கள்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆறு வட்டமும் என் கண் முன்னால் வந்து வரிசையாக நின்றன.

"அப்படியென்றால் செடி கொன்றதா, புகை கொன்றதா?" என்றார் மேடம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. பக்கத்து மேசையில் இருந்த என் வகுப்புக்காரர்கள் எல்லோரும் திடீரென்று மும்முரமாகக் குறிப்பு எழுதத் தொடங்கினார்கள்.

"இலை படாமல் புகை மட்டும் பட்ட ஏதாவது இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம்" என்றார் மேடம் தனக்குள் பேசுகிற மாதிரி.

"இந்தச் சட்டை இருக்கிறதே மேடம்" என்றார் அப்பா. "மழைக்கு இதுவும் அங்கேதான் காய்ந்தது."

எனக்கு அந்த இடத்திலேயே மேசைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. மேடம் கத்தரியைக் கொண்டுவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சட்டையின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டினார். "கமக் நே, கமக் நே" என்று சிரித்தபடி, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள் என்று அப்பா சட்டையை இழுத்துப் பிடித்தார். பஸ் ஏற்றிவிடப் போனபோது நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியாக, "என்னாலதானே பாப்பா?" என்று கேட்டார். நான் பஸ்ஸின் நம்பர் பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

இலைக்குச் செய்ததையெல்லாம் சட்டைத் துண்டுக்கும் செய்தோம். அடுத்த நாள் தட்டைத் திறந்தால், ஆடாதோடையை விட, துளசியை விட, ஆறையும் விடப் பெரிய வட்டம் அப்பாவின் சட்டைக்கு. அப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"அப்பா, ஒங்க சட்டையும் கொல்லுது."

அப்பா மெதுவாக, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

"அப்ப மருந்து நாந்தானா பாப்பா?"

நான் சிரித்தேன். சிரித்து, அழுது, திரும்பச் சிரித்தேன். "ஆமாப்பா, நீங்கதான்" என்றேன்.

புதிதாக இலை பறித்து, கெம்பஸிலேயே முறையாகக் காயவைத்துச் செய்ததில் ஆறில் ஒன்றுக்கு மட்டும், இருக்கா இல்லையா என்று ஒரு வட்டம் விழுந்தது. எப்படியோ பாஸ் பண்ணினேன். மேற்படிப்பு இடம் பக்கத்துக் கட்டில்காரிக்குப் போனது. (பத்தி எரியுதுன்னு ஓடினாளே, அவதான். மூக்கு உள்ளவ பொழச்சிக்கிட்டா.) தோட்டத்தில் அப்பா என்ன சொல்லிச் சமாளிப்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் சமாளிக்கவே இல்லை. "குப்பைமேனியில ஒண்ணும் இல்லயாம், ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து எஞ் சட்டையிலதானாம்" என்று நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அவருக்கு 'மருந்துச் சட்டை' என்று பேர்.

இப்போது நான் குருவிட்டையில் விஞ்ஞான டீச்சர். அந்தப் புகை அறை மூடியாகிவிட்டது. அப்பா வேலையை விட்டுவிட்டார். அவரும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். என் வீட்டில் இப்போது சோப்பு வாசம்தான். காற்று என்றால் இப்படி இருக்காது என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டி, மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தேன். அப்பா தன் பெட்டியைத் திறந்து, ஓரம் வெட்டுப்பட்ட அந்தச் சட்டையை எடுத்துவந்து பிள்ளைக்குப் போர்த்தினார். (பவர் கொறையக் கூடாதாம். வருசா வருசம் எங்க வெறகு அடுப்புக்கு மேல தொங்கவிட்டு எடுப்பார். அம்மா திட்டாத திட்டில்ல.) நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடுப்படியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டு, அந்த வாசத்தை நன்றாக இழுத்தேன். இப்போது அது எனக்குத் தெரிகிறது.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தாத்தா, நாறுது."

"கிருமிக்கும் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் அப்பா. "பேசாம படு."