நாற்பத்தொன்பதாவது பறவை

"நாப்பத்தெட்டு இருக்கு. இனி ஒரு குருவி இந்த வீட்டுக்குள்ள வந்துது, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!"

மனைவி இப்படிச் சொன்னதும் கண்ணாடிக்காரருக்கு உலகமே இருண்டுவிட்டது. ஊரார் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுவது அவர் பிழைப்பு. பறவை விசில் சேர்ப்பதுதான் அவர் உயிர். மண்ணில் செய்தது, மரத்தில் செய்தது, தண்ணீர் ஊற்றி ஊதினால் கொளகொளவென்று கூவுவது, எட்டுத் துளையில் பாட்டே வாசிக்கக்கூடியது. அத்தனையும் கூடத்து அலமாரியில் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றன. கண்ணைக் கட்டிவிட்டு ஊதினாலும் எது எதென்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். கட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் பொழுதில்லை.

ஆசையை விடவும் முடியவில்லை, மனைவியை எதிர்க்கவும் முடியவில்லை. மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்து ஒரு வழி கண்டார். புதுப் பறவை அலமாரிக்குள் போகும். பழையது ஒன்று பரண்மேல் இருக்கும் அட்டைப்பெட்டிக்குப் போகும். தூசி தட்டும்போது மனைவி எண்ணிப் பார்ப்பாள். எப்போது எண்ணினாலும் நாற்பத்தெட்டு!

பழைய சாமான் கடைக்காரரும் கைகொடுத்தார். "உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு சார்" என்று வாரம் தவறாமல் எடுத்து நீட்டினார். ஒரு வருஷம் ஓடிற்று. மனைவி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்ற பூரிப்பில் கண்ணாடிக்காரர் குளியலறையில் பாடவே ஆரம்பித்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் ஒரு மண்புறா வாங்கி வந்தார். துடைக்கத் திருப்பினால், வாலடியில் சிவப்பாக ஒரு கோடு. போன மாதம் அவரே கீழே போட்டு விரிசல் விட்ட புறா. மனைவியின் நகப்பூச்சைத் திருடி ஒட்டிப் பரணில் ஒளித்த புறா!

ஏணி போட்டு ஏறினார். பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய தலையணை உறைகள்.

"ஏங்க, அங்க என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல... பல்பு."

"பல்பு எரியுதே?"

"எரியுதான்னுதான் பாத்தேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஆகிவிட்டது. என் பறவைகளை ஏன் விற்றாய் என்று கேட்டால், பரணுக்குப் பறவை எப்படி வந்தது என்று அவள் கேட்பாள். ஒரு வருஷமாக அவர் ஒன்றுமே சேர்க்கவில்லை. தன் பறவைகளையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஏணியிலேயே உட்கார்ந்து அழலாமா என்றிருந்தது.

மனைவி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"பாத்து இறங்குங்க. அந்தப் புறாவை நீங்க வாங்கறது இது மூணாவது தடவை."

"மூணாவதா?"

"ஆமா. அடுத்த வாரமாவது அந்த நீல மைனாவை வாங்குங்க. கடையில குடுத்து ஒரு மாசமாச்சு, உங்களை விட்டா அதை வாங்க யாரு இருக்கா?"