தம்பிமுத்தரின் குளிசைக்கு நான் வைத்த பத்தியம்

இரண்டு சட்டையும் ஒரு சாரமும் திணித்த சீமெந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்துறைமுக வீதியில் நடந்துகொண்டிருந்தேன். மங்களம் அக்காவின் ஏச்சு இரண்டு வளைவு தாண்டியும் பின்னால் வந்தது. நிலாவெளி உப்பளத்திலிருந்தும் கந்தளாய்க் கரும்புக் காட்டிலிருந்தும் இப்படி நடந்து வந்தவன்தான் நான். ஆனால் அவற்றையெல்லாம் நானாக விட்டு வந்தேன். துரத்தப்பட்டு நடப்பது அதுவே முதல் தடவை. துரத்தியதில் நியாயம் இருந்தபடியால் சற்று வேகமாகவே நடந்தேன்.

குற்றத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு புற்றுநோய்க்காரரின் உயிரைப் பிடித்து வைத்திருந்த மருந்துக் குளிசையை ஒரு பொய்யால் நிறுத்த வைத்தவன் நான். அந்தப் பொய் ஒரு நண்டுக்கறியில் தொடங்கியது.

தம்பிமுத்தர் வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அந்த இரைச்சலில் ஒரு காது முற்றாகப் போய், மற்றது கத்தினால் மட்டும் கேட்கும். மகள் மங்களம் அக்கா வீட்டு முன்பக்கத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். கப்பலில் ஏற்றி இறக்கும் வேலை கிடைக்கும் என்று திருகோணமலைக்கு வந்து, அது கிடைக்காமல், அவர்களுடைய பின்கொட்டிலில் ஒதுங்கியிருந்தேன். தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன், விறகு கொத்தினேன். கடையில் மிஞ்சியதைச் சாப்பிட்டேன். (மிஞ்சுவது பெரும்பாலும் கத்தரிக்காய்.)

கிழவருக்குச் சலம், அதாவது சிறுநீர், போவதில் கரைச்சல் வந்தது. இடுப்புக்குப் பின்னால் நாரி நோவு வேறு. ஆஸ்பத்திரியில் சோதித்து, சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். இப்படியான இடத்து வருத்தத்தை மகளை வைத்துக்கொண்டு கதைக்க அவருக்கு வெட்கம். ஆகவே டொக்டர் சொல்வதைக் கேட்டு வர அவருடைய காதாக என்னைக் கூட்டிப்போனார்.

அவர் தெரிவு செய்த காது சரியில்லை. மருந்து கொடுக்கும் யன்னலில் இரண்டு மாதத்துக்கான குளிசையைத் தந்தவர் நிறுத்தி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் தேயிலைப் பெட்டி ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று இன்னொருவருக்குச் சொன்னார். என் காது அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்தபோது “காலமை ஒண்டு, இரவு ஒண்டு. விளங்கினதோ?” என்பது மட்டும் மிச்சமிருந்தது.

“ஓம், வடிவா விளங்கினது” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிமுத்தர் கேட்டார். “பத்தியம் என்னவாம்?”

“ஒண்டுமில்லை அப்பு.”

“என்ன?”

“பத்தியம் இல்லை!” என்று காதுக்குள் கத்தினேன்.

பொட்டலத்தைக் கதிரையில் எறிந்தார். “பத்தியம் இல்லாத மருந்து ஒரு மருந்தோடா? அப்ப இது சின்னப்பிள்ளையளுக்குக் குடுக்கிற முட்டாசு. நான் போடமாட்டன்.”

குசினிக்குள்ளிருந்து மங்களம் அக்கா வந்தாள். “தம்பி, வடிவா யோசிச்சுச் சொல்லு. டொக்டர் சும்மா விட்டிருக்கமாட்டார்.”

அவளோடு நண்டுக்கறி வாசமும் வந்தது. வீட்டில் நண்டு வைத்தால் அது முழுவதும் கிழவருக்குத்தான்.

“நண்டு கூடாதாம்” என்று கிழவரின் காதுக்குள் கத்தினேன்.

இரண்டு பேருடைய முகத்திலும் ஒரு நிம்மதி பரவியது. கிழவர் கேட்டார். “பாத்தியோ! பிறகு?”

“இறால் கூடாது.”

“பிறகு?”

“பாரை மீன் தலை.”

“உடம்பு?”

“உடம்புக்குத் தடையில்லை அப்பு. தலைதான்.”

பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எத்தினை நாளைக்கு?”

“ஒரு மண்டலம்.”

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மருந்தென்றால் நாற்பத்தெட்டு நாள்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மற்றப் பொய்களில் என் வயிறுதான் நிறைந்தது. இது அவருடைய உயிரில் கைவைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

காலை ஏழரைக்கும் இரவு ஏழரைக்கும் குளிசையையும் தண்ணீரையும் நானே கொண்டுபோய் நீட்டினேன். ஒருநாளும் தப்பவிடவில்லை. (நண்டு சாப்பிடுகிறவனுக்கு மனச்சாட்சி அந்த அளவுக்காவது இருக்கும்.) மூன்றாம் கிழமை நாரி நோவு தணிந்தது. ஒருநாள் காலை வேலியோரம் கிழவருக்குத் தாராளமாகச் சலம் போகிற சத்தம் கேட்டு, மங்களம் அக்கா குசினியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு நண்டுக் காலை வைத்தாள். “உன்ர காலடி ராசி, தம்பி” என்றாள். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் தம்பிமுத்தர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். எப்போதும் வெறும் மேலோடு திரிகிறவர் நாலைந்து நாளாகப் பெனியனைக் கழற்றவில்லை.

“டேய், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதே. நெஞ்சு ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. தொட்டால் நோகுது. குமர்ப்பிள்ளையள் மாதிரி.”

“ஏன் அப்பு?”

தலையைக் குனிந்தார். “போன செவ்வாய் ஒளிச்சு இறால் திண்டிட்டன். மூண்டே மூண்டு.”

“நான் அப்பவே சொன்னனான்” என்றேன், வைத்தியர் பரம்பரையில் வந்தவன் போல. ஆனால் உள்ளுக்குள் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. சும்மா சொன்ன பத்தியம் இவ்வளவு சரியாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் எண்ணெய் வைத்துத் தலை முழுகி, நண்டுக்கறியோடு பத்தியம் முறித்தார். குளிசையும் அன்றோடு நின்றது. கிளினிக் நாள் வந்தபோது, “சுகமான ஆளுக்கு அங்கை என்ன வேலை?” என்று போகவில்லை. ஐந்தாறு கிழமையில் நாரி நோவு திரும்பியது. மழைக் குளிர் என்றார். பிறகு ஒருநாள் காலை சலம் முற்றாக அடைத்துக்கொண்டது. வயிறு கல்லாகி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். அந்த மனிதர் முனகி நான் கேட்டதேயில்லை. ஹயர் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம்.

குழாய் போட்டுச் சலத்தை எடுத்துவிட்டு, டொக்டர் விறாந்தைக்கு வந்தார்.

“குளிசையை ஆர் நிப்பாட்டச் சொன்னது?”

“நீங்கள்தானே ஐயா” என்றாள் மங்களம் அக்கா. “ஒரு மண்டலம் எண்டு.”

“என்ன மண்டலம்? சீவியம் முழுக்கப் போடவேண்டிய குளிசை அது. ஆம்பிளையளின்ர ஓமோன் சுரக்கிறதை அமத்தி வைக்கிறது. விட்டால் நோய் திரும்ப எழும்பும்.”

“பத்தியம் முழுக்கப் பிடிச்சவர் ஐயா. நண்டு, இறால், பாரை மீன் தலை...”

டொக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“நீர் எத்தினையாம் வகுப்பு?” என்று டொக்டர் என்னிடம் கேட்டார்.

“அஞ்சு.”

“சித்த வைத்தியத்திலயோ?” என்றார். பிறகு அக்காவிடம், “மிச்சக் குளிசை எங்கை?”

“அலுமாரியில இருக்கு. ஆருக்கும் நாரி நொந்தால் குடுக்கலாமெண்டு...”

டொக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ. இது அவருக்கு மட்டும்.”

அப்பாவுக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்த மங்களம் அக்கா, என் உடுப்பையும் எடுத்து முற்றத்தில் எறிந்தாள். “அவருக்கு ஏதும் நடந்தால் உன்ர கழுத்தை நெரிப்பன். மீன் தலையாம்! போடா!” அப்படித்தான் நான் உள்துறைமுக வீதியில் நடந்துகொண்டிருந்தேன்.

கின்னியாப் பாதை என்ற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போய்விடுவதுதான் நினைப்பு. ஆனால் கிழவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கால் அந்தப் பக்கம் போகவில்லை. மறுநாள் காலை வாட்டு யன்னலால் ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போவோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உள்ளே ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நேர்ஸ் குளிசையை நீட்டுகிறார். தம்பிமுத்தர் வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். டொக்டர் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. மகள் காதுக்குள் சொல்லப் போனால் வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அப்போது என்னைக் கண்டார்.

“எங்கையடா போனனீ? நேரம் ஏழரை தாண்டிட்டுது!”

மங்களம் அக்கா பாய்ந்து வந்தாள். “அப்பா, இவன் கள்ளன்!”

“ஓம், நண்டுக் கள்ளன். ராத்திரி இஞ்சை நேர்ஸிட்டை நீ இவனைப் பற்றிக் கத்தினது எனக்கும் கேட்டது. எண்டாலும் ஒருநாளாவது நேரம் தப்பவிட்டவனோ? வாடா இஞ்சை.”

டொக்டர் என்னைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டார். பிறகு, “நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சொல்லும்” என்றார்.

கிழவரின் காதுக்குள் கத்தத் தொடங்கினேன். “நாங்களா நிப்பாட்டக் கூடாதாம்! ஒரு நேரம் மறந்தால் அடுத்த நேரம் ரெண்டாப் போடக் கூடாதாம்! கால் வீங்கினால், நெஞ்சுக்குள்ள நொந்தால், மூச்சு வாங்கினால் உடன வரவேணுமாம்! எல்லாம் சாப்பிடலாமாம்! மார்பு வீங்கிறது குளிசையாலயாம், இறாலால இல்லையாம்!”

கடைசி வசனத்தில் வாட்டு முழுவதும் எழும்பி உட்கார்ந்தது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர் சிரித்து, நோவில் ‘ஐயோ’ என்றார்.

தம்பிமுத்தர் மூன்று விரலை நீட்டினார். “அப்ப அந்த மூண்டு இறாலுக்கும் நான் பிள்ளையாரிட்டை மன்னிப்புக் கேட்டது சும்மாவோ?” என்றுவிட்டு வாயைத் திறந்தார். குளிசை உள்ளே போனது.

அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார். ஒருதரம் குளிசையால் இரத்தம் கட்டி இடது கால் மட்டும் வீங்கியிருந்ததை முதலில் கண்டவன் நான்தான். அன்றைக்கு விடியற்காலையே கொண்டோடிக் காப்பாற்றினோம். மங்களம் அக்காவின் பிள்ளைகள் இன்றைக்கும் தடிமன் சளிக்கு ஒரு மருந்து வாங்கி வந்தாலும் என் முன்னால் கொண்டுவந்து வைத்து, “மாமா, இதுக்கு நண்டு கூடுமோ?” என்று கேட்கிறார்கள். டொக்டரைக் கேள் என்று சொன்னால் அதற்கும் சிரிக்கிறார்கள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தக் காலை, கிழவர் குளிசையை விழுங்கி முடித்ததும், மங்களம் அக்கா என் சீமெந்துப் பையைப் பிடுங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். “இஞ்சையே நில்” என்றாள். சம்பளம் மூன்று நேரச் சோறு. வேலை, டொக்டர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், தம்பிமுத்தரின் காதுக்குள் கத்துவது.