என் மச்சானை இரண்டாம் வரிசையிலிருந்து இறக்குவது பற்றி

ரொறன்ரோ தமிழ் வர்த்தகக் கையேட்டின் ஆசிரியர் திருமதி செலீன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் இந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன். இவ்வாண்டுக் கையேடு தபாலில் கிடைத்தது. அட்டை நன்றாக இருக்கிறது. தாளும் நல்ல தாள். நூற்றி நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு குறை.

அந்தப் பக்கத்தில் ‘கட்டட வழக்குகளில் முன்னணிச் சட்டத்தரணிகள்’ என்று புதிதாக ஒரு பகுதி தொடங்கி, ஏழு பேரைத் தரப்படி மூன்று வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள். இரண்டாம் வரிசையில் திரு. கோணேஸ்வரன் நிற்கிறார். அவர் என் தங்கச்சி மனோரஞ்சிதத்தின் கணவர். நான் எந்த வரிசையிலும் இல்லை. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். இருவரும் ஒரே சட்டச் சோதனை எழுதி, ஒரே நாளில் கறுப்புக் கவுன் போட்டோம். அவர் பெரிய கம்பனிகள் இருக்கிற பே ஸ்ரீற்றில் முப்பத்திநாலாம் மாடிக்குப் போனார். நான் லோரன்ஸ் வீதியில் ஓர் இடியப்பக் கடைக்கு மேலே, முதலாம் மாடிக்கு வந்தேன். அவருடைய வழக்குகளில் நாற்பது மாடிக் கொண்டோவிலிருந்து பல்கனிக் கண்ணாடி விழும். என்னுடைய வழக்குகளில் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வரும். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், விழுகிற கண்ணாடிக்கு இருக்கிற மரியாதை வருகிற தண்ணீருக்கு இல்லை.

அதையும் பொறுத்திருப்பேன். அவருடைய பெயருக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் இப்படிப் போட்டிருக்கிறீர்கள்: “திகதி தவறாதவர். ஓர் ஒப்பந்தத்தை அவர் வாசித்துச் சொன்ன பிறகுதான் அதை எழுதியவருக்கே அது விளங்கும் என்கிறார் இத்துறையின் மூத்த சட்டத்தரணி ஒருவர்.” அம்மா, அந்த மூத்த சட்டத்தரணி நான். அந்த இரண்டாவது வாக்கியம் நான் என்னைப் பற்றிச் சொல்வதற்காகப் பல வருடமாக வைத்திருந்தது.

நடந்தது இதுதான். உங்கள் கையேட்டில் பெயர் வர விரும்புகிறவர் அதே துறையில் இருவரின் பெயரைக் கொடுக்க வேண்டும், உங்கள் அலுவலகம் அவர்களுக்குப் போன் எடுத்து இரகசியமாக விசாரிக்கும் என்பது விதி. கோணேஸ்வரன் என் பெயரைக் கொடுத்திருந்தார். நானும் நேர்மையான மனிதன், மூன்று நாள் யோசித்து உள்ளதை ஒரு கடதாசித் துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். போனில் தீர்கிற விசயத்துக்குப் பதினொரு பக்கத்தில் கடிதம் போடுவார் என்பது ஒன்று. கட்டடம் கட்டுகிற இடத்துக்கு வரமாட்டார், சப்பாத்து ஊத்தையாகிவிடும் என்பது மற்றது. உங்கள் அலுவலகத்து லக்ஷிகா போன் எடுத்தபோது நான் பிறம்ரன் நகரில் றெமிஜியஸ் என்ற கட்சிக்காரரின் பேஸ்மென்றில், முழங்கால் அளவு றப்பர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் நின்றேன்.

“அங்கிள், கோணேஸ்வரனைப் பற்றி ஒரு த்றீ மினிற்ஸ் கதைக்கலாமா? உங்கட பேர் வராது, இற்ஸ் கொன்ஃபிடென்ஷல்” என்றது பிள்ளை.

நான் துண்டை எடுத்து விரித்தேன். வாயைத் திறந்தால் வேறு யாரோ கதைக்கிற மாதிரி, “அவரைப்போல ஆள் இந்த ரொறன்ரோவிலை இல்லைப் பிள்ளை” என்று வந்தது. நீங்களும் எங்கட ஆள்தானே, உங்களுக்குத் தெரியும். வெளியாள் கேட்கேக்கை வீட்டு மாப்பிள்ளையை விட்டுக்குடுக்க ஏலாது. அவரைக் குறைச்சுச் சொன்னால் என்ரை தங்கச்சி போன இடத்தைக் குறைச்சுச் சொன்ன மாதிரி.

“டிலே பண்ணுவாரா, அங்கிள்?”

“சீச்சீ. திகதி தவறாத மனிசன்.”

“வீக்னெஸ் ஏதும்?”

துண்டைப் பார்த்தேன். “வீக்னெஸ் எண்டால், கூடக் கஷ்டப்பட்டு வேலை செய்யிறவர்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பிள்ளை “வாவ்” என்றதும் எனக்கு உற்சாகம் வந்து, என் சொந்த வாக்கியத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வாளியோடு பக்கத்தில் நின்ற றெமிஜியஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “அண்ணை, அப்பிடி ஒராள் இருக்கேக்கை நான் ஏன் உங்களிட்டை வந்தனான்?” என்றார். அடுத்த கிழமை தன்னுடைய வழக்குக் கோப்பை வாங்கிக்கொண்டு முப்பத்திநாலாம் மாடிக்குப் போனார். அங்கே கோணேஸ்வரன் அவருக்குக் கோப்பி கொடுத்து, நாங்கள் பேஸ்மென்ற் வழக்கு எடுக்கிறேல்லை என்று சொல்லி, ஒரு நல்ல ஆளின் நம்பரும் கொடுத்து அனுப்பினாராம். அது என் நம்பர். இப்போது றெமிஜியஸ் என் அலுவலகக் கதிரையில் வந்து இருக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பியைப் பற்றித்தான் கதைக்கிறார்.

போன சனிக்கிழமை தங்கச்சி வீட்டில், அவர் பெயர் கையேட்டில் வந்ததற்காக ஒரு சாப்பாடு. உங்கள் கையேட்டுப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் சப்பாத்து வைக்கிற தட்டுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். குனிந்து சப்பாத்துக் கழற்றி நிமிர்கிற எவரும் அதை வாசிக்காமல் உள்ளே போக முடியாது. ஒருவர் வாசித்துவிட்டு, “ஆர் இந்த மூத்த சட்டத்தரணி? நல்லாய்ச் சொல்லியிருக்கிறார்” என்று கேட்டார்.

“எனக்கெதிராய் வழக்காடின பெரிய ஆள் ஆரோவாய் இருக்கும்” என்றார் கோணேஸ்வரன். பிறகு என்னைப் பார்த்து, “குணம் அண்ணை, உங்களிட்டையும் கேட்டவைதானே? நீங்களும் ஏதோ சொல்லியிருப்பியள்.”

“ஓம். சின்னதாய்” என்றேன். வாய்க்குள் மட்டன் றோல் இருந்தது. அது கீழே இறங்க நெடுநேரம் எடுத்தது.

ஆகவே அம்மா, அடுத்த பதிப்பில் என் வாக்கியங்கள் இரண்டையும் நீக்கி, அவரை மூன்றாம் வரிசைக்கோ, பொருத்தமென்றால் அதற்கும் கீழேயோ இறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் பொறாமை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டுக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த விண்ணப்பத்தில் விசாரிக்க வேண்டியவராகக் கோணேஸ்வரனின் பெயரையே கொடுத்திருக்கிறேன். கொடுக்காவிட்டால் தங்கச்சி கதைக்கமாட்டாள். அவர் என்ன சொல்வாரோ என்று மூன்று கிழமையாக நித்திரை குறைவு.

உங்கள் வீட்டாருக்கும் லக்ஷிகாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். கையேடு இன்னும் தடிப்பாக வளர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பா. குணநாயகம்
சட்டத்தரணி
லோரன்ஸ் வீதி கிழக்கு (இடியப்பக் கடைக்கு மேலே)

பி.கு: கடித உறையை ஒட்டுவதற்குள் மனோரஞ்சிதம் போன் எடுத்தாள். லக்ஷிகா நேற்றுக் கோணேஸ்வரனுக்குப் போன் எடுத்து என்னைப் பற்றி விசாரித்தாளாம். அவர் போனோடு எழும்பிப்போய்ச் சப்பாத்துத் தட்டுக்கு முன்னால் நின்று, சட்டத்துக்குள் இருப்பதை ஓர் எழுத்தும் விடாமல் வாசித்துக் காட்டி, இது முழுக்கக் குணம் அண்ணைக்கும் பொருந்தும் என்று சொன்னாராம். ஆகையால் மேலே எழுதியவற்றை எழுதாததாகக் கொள்ளவும். அவரை இறக்கினால், என்னைப் பற்றி மூன்றாம் வரிசைக்காரர் ஒருவர் சொன்ன சொல்லுக்கு என்ன பெறுமதி இருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கோணேஸ்வரனை முதலாம் வரிசைக்கு ஏற்ற இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் லக்ஷிகா எந்த நேரமும் எனக்குப் போன் எடுக்கலாம், துண்டில்லாமலே கதைப்பேன். ஏற்றிய பிறகு என் பெயருக்குக் கீழே அதே வாக்கியங்களைப் போட்டு, ‘என்கிறார் முதலாம் வரிசைச் சட்டத்தரணி ஒருவர்’ என்று முடித்தால் போதும்.